கோலி சோடா தத்துவத்தில் கழிவுநீர் சுத்திகரிப்பு: மேலே மிதக்கும் அழுக்கு கடைசியில் எங்கே போகிறது?

கோலி சோடாவை உடைக்கும் அந்த ஒரு நொடியை நினைத்துப் பாருங்கள். கட்டைவிரலால் கோலியை உள்ளே தள்ளியதும் 'டப்' என்று ஒரு சத்தம். அதுவரை வெறும் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்த பாட்டிலுக்குள் திடீரென்று எங்கு பார்த்தாலும் குமிழ்கள். அத்தனையும் எங்கிருந்து வந்தன? வெளியிலிருந்து எதுவும் வரவில்லை. எல்லாம் உள்ளேயேதான் இருந்தது. அழுத்தம் காரணமாகத் தண்ணீரில் கரைந்து, கண்ணுக்குத் தெரியாமல் இருந்தது, அவ்வளவுதான்.

பால் ஆலை, மீன் பதப்படுத்தும் கூடம், காகித ஆலை, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலை என்று பல இடங்களில் கழிவுநீரைச் சுத்தம் செய்ய இதே 'டப்' தான் பயன்படுகிறது. பெயர் 'டிஸால்வ்ட் ஏர் ஃப்ளோட்டேஷன்', சுருக்கமாக டிஏஎஃப். தமிழில் சொன்னால், கரைந்த காற்றின் மூலம் அழுக்கை மிதக்க வைக்கும் முறை.

இது எப்படி வேலை செய்கிறது? எதைச் சுத்தம் செய்யும், எதைச் செய்யாது? மேலே மிதக்கும் அழுக்கை வழித்து எடுத்த பிறகு அது எங்கே போகிறது? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

மிதக்கவும் இல்லை, மூழ்கவும் இல்லை

கழிவுநீரில் இருக்கும் அழுக்கில் இரண்டு வகை சுலபமானது. மணல் மாதிரி கனமானது தானாகவே அடியில் படியும். எண்ணெய் மாதிரி லேசானது தானாகவே மேலே வரும். இரண்டையும் எடுப்பது பெரிய வேலை இல்லை.

தொல்லை கொடுப்பது மூன்றாவது வகை. வீட்டிலேயே இதைப் பார்க்கலாம். எண்ணெய்ச் சட்டியில் வெறும் தண்ணீர் ஊற்றினால் எண்ணெய் தனியாக மிதக்கும். அதே சட்டியில் பாத்திரம் கழுவும் சோப்பைப் போட்டுத் தேய்த்துவிட்டுத் தண்ணீர் ஊற்றுங்கள். எண்ணெய் காணாமல் போய், தண்ணீர் வெள்ளையாகக் கலங்கியிருக்கும். எண்ணெய் எங்கும் போகவில்லை. மிக நுண்ணிய துளிகளாக உடைந்து தண்ணீர் முழுக்கப் பரவிவிட்டது.

பால் ஆலையில் டேங்கரையும் கேன்களையும் குழாய்களையும் கழுவிய தண்ணீர் இப்படித்தான் இருக்கும். 10 மைக்ரான் அளவுள்ள ஒரு கொழுப்புத் துளியை எடுத்துக்கொள்வோம். ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு. தண்ணீரைவிட லேசானது என்பதால் அது மேலே ஏறத்தான் செய்யும். ஆனால் வேகம், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றரை சென்டிமீட்டர் அளவுதான். ஒரு மீட்டர் ஆழமுள்ள தொட்டியின் அடியிலிருந்து மேலே வர இரண்டரை நாளுக்கு மேல் ஆகும். அதுவும் தொட்டி கொஞ்சமும் அசையாமல் இருந்தால்!

எந்த ஆலையிலும் கழிவுநீர் அவ்வளவு நேரம் காத்திருக்காது. ஒரு பக்கம் வந்துகொண்டே இருக்கும், இன்னொரு பக்கம் போய்க்கொண்டே இருக்கும். ஆக, துளி மேலே வர யாராவது கை கொடுக்க வேண்டும். அந்தக் கைதான் காற்றுக் குமிழ்.

முதல் படி: அழுக்கை ஒன்று சேர்ப்பது

காற்றைச் செலுத்துவதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது. நுண்ணிய அழுக்குத் துகள்களில் பெரும்பாலானவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருக்கும். அதனால் ஒன்றை ஒன்று தள்ளிவிட்டபடியே இருக்கும், சேராது. தண்ணீருக்குள் இருக்கும் காற்றுக் குமிழுக்கும் பொதுவாக எதிர்மின்னூட்டம்தான். அதுவும் துகளிடம் ஒட்டாது.

இந்த விலகலை உடைக்கத்தான் படிகாரம், ஃபெர்ரிக் குளோரைடு மாதிரியான உப்புகளைச் சேர்க்கிறார்கள். அவை மின்னூட்டத்தைச் சமன் செய்துவிடும். பிறகு கொஞ்சம் பாலிமர் சேர்த்து மெதுவாகக் கலக்கினால், துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பஞ்சு மாதிரி திரளும். இந்தத் திரளுக்கு 'ஃப்ளாக்' என்று பெயர்.

இது நம் ஊருக்குப் புதிய விஷயம் இல்லை. கலங்கிய ஆற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கப் பானையின் உள்பக்கம் தேத்தாங்கொட்டையை உரசுவதும், படிகாரத்தைச் சுற்றி எடுப்பதும் இதே தத்துவம்தான். ஒரே ஒரு வித்தியாசம். பானையில் திரண்ட அழுக்கு அடியில் படியும். டிஏஎஃப் தொட்டியில் அதையே மேலே கொண்டு வருகிறார்கள்.

இரண்டாவது படி: தண்ணீருக்குள் காற்றைக் கரைப்பது

1803-ல் வில்லியம் ஹென்றி என்ற ஆங்கிலேய வேதியியலாளர் ஒரு விதியைச் சொன்னார். ஒரு வாயுவின் அழுத்தம் எவ்வளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் அது திரவத்தில் கூடுதலாகக் கரையும். சோடா கம்பெனி முதல் டிஏஎஃப் வரை எல்லாமே இந்த விதியில்தான் ஓடுகிறது.

நடைமுறையில் நடப்பது இதுதான். ஏற்கெனவே தெளிந்த தண்ணீரில் ஒரு பகுதியைத் திரும்ப எடுத்து, 'சாச்சுரேட்டர்' என்ற மூடிய அழுத்தக் கலனுக்குள் பம்ப் செய்கிறார்கள். அங்கே பொதுவாக 4 முதல் 6 பார் வரை அழுத்தம் இருக்கும். கம்ப்ரசர் மூலம் சாதாரணக் காற்றும் உள்ளே போகும். அந்த அழுத்தத்தில் காற்று தண்ணீரில் கரைந்துவிடும். சோடாவில் கரைப்பது கார்பன் டை ஆக்சைடு. இங்கே வெறும் காற்று. விலை இல்லாதது, தண்ணீரின் அமிலத்தன்மையையும் மாற்றாது.

மொத்தக் கழிவுநீரையும் அழுத்தத்துக்கு உட்படுத்தாமல் தெளிந்த நீரில் ஒரு பங்கை மட்டும் எடுப்பதற்கும் காரணம் உண்டு. பம்பு வழியாகப் போனால், பக்குவமாகத் திரட்டிய ஃப்ளாக் எல்லாம் மறுபடி உடைந்து தூளாகிவிடும். மின்சாரச் செலவும் எகிறும்.

மூன்றாவது படி: 'டப்'

காற்று கரைந்த அந்தத் தண்ணீரை ஒரு வால்வு அல்லது நாசில் வழியாகத் தொட்டியின் ஆரம்பத்தில் திறந்துவிடுகிறார்கள். அழுத்தம் சட்டென்று விழுகிறது. கரைந்திருந்த காற்று வெளியே வந்தாக வேண்டும். அந்த இடத்தில் தண்ணீர் பால் மாதிரி வெள்ளையாகிவிடும். ஆபரேட்டர்கள் இதை 'ஒயிட் வாட்டர்' என்றே சொல்வார்கள்.

வெள்ளையாகத் தெரிவதற்குக் காரணம் குமிழ்களின் அளவு. பெரும்பாலும் 10 முதல் 100 மைக்ரான் வரை. மனிதத் தலைமுடியின் தடிமன் அளவு, அல்லது அதைவிடச் சிறியது. இந்தக் குமிழ்கள் ஃப்ளாக்கில் மோதி ஒட்டுகின்றன, அதன் இடுக்குகளில் சிக்குகின்றன, சில அதன் மேலேயே உருவாகின்றன. காற்றைக் கட்டிக்கொண்ட ஃப்ளாக்கின் மொத்த அடர்த்தி தண்ணீரைவிடக் குறைந்துவிடும். ஆற்றில் இறங்கும் பையன் லாரி ட்யூபைக் கட்டிக்கொண்ட கதைதான். மேலே வந்தே தீரும்.

தொட்டியின் மேல்பரப்பில் பாலாடை மாதிரி ஒரு படலம் உருவாகும். 'ஸ்கிம்மர்' என்ற மெதுவாக நகரும் பலகைகள் அதை வழித்து ஒரு ஓரத் தொட்டியில் தள்ளிவிடும். தெளிந்த தண்ணீர் கீழ்ப்பகுதி வழியாக வெளியேறும்.

மீன்தொட்டி மோட்டார் வைத்தால் போதாதா?

நியாயமான கேள்வி. மீன்தொட்டியில் இருப்பது மாதிரி அடியிலிருந்து நேராகக் காற்றை ஊதிவிடலாமே? எதற்கு இவ்வளவு அழுத்தம், கலன், வால்வு?

விடை குமிழின் அளவில் இருக்கிறது. ஊதும் காற்றில் வருவது மில்லிமீட்டர் கணக்கிலான பெரிய குமிழ். அது ஃப்ளாக்கை ஒட்ட விடாமல் இடித்துக்கொண்டு மேலே பாயும், போகிற வழியில் திரளை உடைக்கவும் செய்யும். 50 மைக்ரான் குமிழ் அப்படியில்லை. வினாடிக்கு ஒன்றரை மில்லிமீட்டருக்கும் குறைவாக, நிதானமாக ஏறும். ஒரு மீட்டர் ஏற 12 நிமிடம்.

இன்னொரு கணக்கும் சுவாரஸ்யமானது. ஒரு மில்லி லிட்டர் காற்று ஒரே குமிழாக இருந்தால் அதன் மேற்பரப்பு சுமார் 5 சதுர சென்டிமீட்டர். அதே காற்றை 50 மைக்ரான் குமிழ்களாக்கினால் சுமார் ஒன்றரைக் கோடி குமிழ்கள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பு 1,200 சதுர சென்டிமீட்டர். அழுக்கு ஒட்டுவதற்கு 240 மடங்கு அதிக இடம். காற்றின் அளவு அதேதான், பிடிக்கும் கைகள்தான் கூடிவிட்டன.

வெயில் ஊர்களில் ஒரு சிக்கல்

சூடான சோடா சப்பென்று இருக்கும் இல்லையா? காரணம், வெப்பம் ஏற ஏற வாயு கரைவது குறையும். டிஏஎஃப்புக்கும் இதே பிரச்சினைதான். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீரில் சாதாரண அழுத்தத்தில் சுமார் 18.7 மில்லி லிட்டர் காற்று கரையும். 30 டிகிரியில் அது சுமார் 15.7 மில்லி லிட்டர். 16 சதவீதம் குறைவு. குளிர்நாட்டில் வடிவமைத்த இயந்திரத்தை அப்படியே கொண்டுவந்து இங்கே வைத்தால், சித்திரை மாதத்தில் அது திணறுவதற்கு இந்த ஒன்று போதும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டும், அல்லது திரும்ப எடுக்கும் தண்ணீரின் பங்கைக் கூட்ட வேண்டும்.

அதனால்தான் இந்த இயந்திரத்தை 'சுவிட்ச் போட்டால் ஓடும்' என்று விட்டுவிட முடியாது. நாசில் அடைத்தால் பெரிய குமிழ்கள் வந்து மேல்படலத்தைக் கிழிக்கும். தண்ணீரின் பிஎச் மாறினால் படிகாரம் சரியாக வேலை செய்யாது. ஷிஃப்ட் முடிந்து ஆலையைக் கழுவும் நேரத்தில் அழுக்கு ஒரேயடியாக வந்தால், காற்று போதாமல் போகும். இதையெல்லாம் சமாளிக்க, டிஏஎஃப்புக்கு முன்னால் கழிவுநீரைச் சேர்த்து ஒரே சீராக அனுப்பும் சமப்படுத்தும் தொட்டி ஒன்று இருக்க வேண்டும். அதை யாராவது பார்த்துக்கொண்டும் இருக்க வேண்டும்.

எங்கெல்லாம் இருக்கிறது?

இந்த முறை முதலில் வளர்ந்தது 1920-களில் ஸ்காண்டிநேவியாவில். காகித ஆலைகளின் தண்ணீரோடு வீணாகப் போன நார்களைத் திரும்பப் பிடிக்கத்தான் இதைப் பயன்படுத்தினார்கள். இன்று குடிநீர் வரை வந்துவிட்டது. பாசி அடர்ந்த நீருக்கு இது ரொம்பவே பொருத்தம். பாசி எளிதில் அடியில் படியாது, மேலே வரத்தான் விரும்பும்.

ஆப்பிரிக்காவின் நமீபியாவில் வறண்ட தலைநகரம் விண்ட்ஹூக். வீட்டுக் கழிவுநீரைச் சுத்திகரித்து நேரடியாகக் குடிநீராக்கும் வேலையை அந்த நகரம் 1968-லேயே தொடங்கிவிட்டது. 2002-ல் வந்த அதன் புதிய கோரியங்காப் நிலையத்தில் பல கட்டங்களில் ஒன்றாக டிஏஎஃப் இருக்கிறது. அமெரிக்காவின் நியூயார்க்கில் 2015-ல் செயல்பாட்டுக்கு வந்த குரோட்டன் குடிநீர் நிலையமும் இதைப் பயன்படுத்துகிறது. ஒரு நாளைக்குச் சுமார் 110 கோடி லிட்டர் கொள்ளளவு கொண்ட அந்த நிலையம் பூமிக்கு அடியில் இருக்கிறது. சாதாரணப் படிவுத் தொட்டியைவிட டிஏஎஃப்புக்கு இடம் குறைவாகத் தேவைப்படுவது இதுபோன்ற இடங்களில் பெரிய வசதி.

சென்னைவாசிகளுக்கும் இதோடு தொடர்பு உண்டு. நெம்மேலியில் 2024 பிப்ரவரியில் திறக்கப்பட்ட, தினமும் 15 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையத்தில், கடல்நீரில் இருக்கும் எண்ணெயையும் பாசியையும் முன்கூட்டியே நீக்குவதற்கு டிஏஎஃப் கட்டம் இருக்கிறது. அடுத்த கட்டத்தில் இருக்கும் விலையுயர்ந்த சவ்வுகளில் எண்ணெய் படிந்தால் அவை பாழாகிவிடும் என்பதுதான் காரணம்.

இது செய்யாதது என்ன?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். டிஏஎஃப் பிடிப்பது தண்ணீரில் கலந்திருப்பதை மட்டும். கரைந்திருப்பதை அல்ல. கொழுப்பு, எண்ணெய், நார், பாசி, திரண்ட புரதம் எல்லாம் மேலே வரும். உப்பு வராது. சர்க்கரை வராது. கரைந்த சாயத்தில் படிகாரத்தோடு ஒட்டிக்கொள்ளும் பகுதி தவிர மற்றது வராது.

பால் ஆலைக் கழிவில் கொழுப்பை எடுத்த பிறகும் பாலில் இருந்த சர்க்கரை தண்ணீரிலேயே இருக்கும். அது ஆற்றில் கலந்தால் நுண்ணுயிரிகள் பெருகி ஆக்சிஜனைத் தின்றுவிடும், மீன் சாகும். அதனால் டிஏஎஃப்புக்கு அடுத்து, நுண்ணுயிரிகளை வைத்தே அதைச் சாப்பிட வைக்கும் உயிரியல் சுத்திகரிப்பு கட்டாயம் வேண்டும்.

உப்பு இன்னும் கடினம். நொய்யலிலும் பாலாற்றிலும் தமிழ்நாடு கற்றுக்கொண்ட பாடம் இது. சாயப்பட்டறைகளும் தோல் தொழிற்சாலைகளும் வெளியேற்றிய கழிவில் பெரும் பிரச்சினையே கரைந்த உப்புதான். தொட்டியில் தெளிவாகத் தெரியும் தண்ணீர்கூட ஒரு வயலைத் தரிசாக்கிவிடும். பாலாற்றுப் படுகையில் தோல் கழிவு பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-ல் தந்த தீர்ப்பில்தான் 'மாசுபடுத்தியவரே செலவை ஏற்க வேண்டும்' என்ற கோட்பாடு இந்தியச் சட்டத்தில் உறுதிப்பட்டது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. பாலாறு விவகாரம் 2025 ஜனவரியில் மறுபடியும் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வந்து நின்றது. இந்த உப்பைப் பிரிக்க சவ்வூடு வடிகட்டலும், தண்ணீரை ஆவியாக்கி உப்பைத் தனியே எடுக்கும் இயந்திரங்களும் தேவை. டிஏஎஃப் அதற்கு முன்னால் நிற்கும் வாசல்காவலாளி மட்டுமே.

வழித்து எடுத்தது எங்கே போகிறது?

சுத்திகரிப்பு என்ற வார்த்தையைக் கேட்டால், அழுக்கு அழிந்துவிட்டது மாதிரி ஒரு நினைப்பு வரும். டிஏஎஃப்பில் எதுவும் அழியவில்லை. தண்ணீரில் பரவிக் கிடந்தது ஒரே இடத்துக்கு வந்திருக்கிறது. இந்தச் சேற்றைத்தான் 'ஸ்லட்ஜ்' என்கிறார்கள்.

எவ்வளவு வரும்? கணக்குக்காக ஒரு ஆலையை எடுத்துக்கொள்வோம். தினமும் 5 லட்சம் லிட்டர் கழிவுநீர். ஒவ்வொரு லிட்டரிலிருந்தும் 600 மில்லிகிராம் அழுக்கு பிரிகிறது. மொத்தம் 300 கிலோ காய்ந்த திடக்கழிவு. ஆனால் ஸ்கிம்மர் வழிக்கும் சேற்றில் திடப்பொருள் 4 சதவீதம்தான் என்றால், மீதி 96 சதவீதமும் தண்ணீர். ஆக, கையாள வேண்டியது ஒரு நாளைக்கு 7.5 டன் சேறு. பிழிந்து 20 சதவீதத் திடப்பொருளாக்கினாலும் ஒன்றரை டன். போட்ட படிகாரமும் பாலிமரும் இதில் கூடுதலாகச் சேரும். ஆலை ஓடும் ஒவ்வொரு நாளும் இது வரும்.

இந்தச் சேற்றைச் சரியாகக் கையாளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டை சாட்சி. 2015 ஜனவரி 31 அதிகாலை, அங்குள்ள சிட்கோ தொழிற்பேட்டையில் தோல் கழிவுகளுக்கான பொது சுத்திகரிப்பு நிலையத்தின் சேறு தேக்கியிருந்த தொட்டியின் சுவர் உடைந்தது. பக்கத்துத் தோல் தொழிற்சாலையில் தூங்கிக்கொண்டிருந்த 10 தொழிலாளர்கள் அந்தச் சேற்றில் மூழ்கி இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் மேற்கு வங்கத்திலிருந்து வேலைக்கு வந்தவர்கள். அது டிஏஎஃப் இயந்திரத்தில் நடந்த விபத்து அல்ல. ஆனால் எந்த முறையில் சுத்திகரித்தாலும் கடைசியில் மிஞ்சுவது இந்தச் சேறுதான். அதைக் கொண்டுபோக வழி இல்லாதபோது அது எங்காவது தேங்கும். தேங்கும் இடத்துக்குப் பக்கத்தில் யாராவது தூங்குவார்கள்.

சரியான வழிகள் இல்லாமல் இல்லை. பால், மீன் மாதிரி உணவுக் கழிவிலிருந்து வரும் கொழுப்புச் சேறு பயோகேஸ் தயாரிக்க நல்ல மூலப்பொருள். ரசாயனக் கழிவுநீரிலிருந்து வரும் சேறு, 2016-ம் ஆண்டின் அபாயகரக் கழிவு விதிகளின் கீழ் வருகிறது. அதை கும்மிடிப்பூண்டியில் இருப்பது மாதிரி, அதற்கென்றே கட்டப்பட்ட பாதுகாப்பான நிலநிரப்பு மையத்துக்கு அனுப்ப வேண்டும். லாரி ஏறும் ஒவ்வொரு லோடுக்கும் 'மேனிஃபெஸ்ட்' என்ற கணக்குச் சீட்டு இருக்க வேண்டும்.

உங்கள் ஊரில் ஆலை வந்தால் என்ன கேட்கலாம்?

கருத்துக்கேட்புக் கூட்டத்தில் 'நவீன சுத்திகரிப்பு நிலையம் வைக்கிறோம்' என்று சொல்வார்கள். டிஏஎஃப் என்ற பெயரும் வரலாம். அப்போது மூன்று கேள்விகள் போதும்.

ஒன்று, டிஏஎஃப்புக்கு அடுத்த கட்டம் என்ன? ஆற்றிலோ ஏரியிலோ விடும் தண்ணீரில் எண்ணெய் மற்றும் கிரீஸ் லிட்டருக்கு 10 மில்லிகிராம், மிதக்கும் திடப்பொருள் 100 மில்லிகிராம், பிஓடி 30 மில்லிகிராம் என்பது மத்திய அரசு விதிகளின் பொதுவான வரம்பு. முதல் இரண்டில் டிஏஎஃப் பெரிதும் உதவும். மூன்றாவதற்கு அது மட்டும் போதாது.

இரண்டு, கரைந்த உப்பு எவ்வளவு? தமிழ்நாட்டில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராம் என்ற வரம்பு இருக்கிறது. 'தண்ணீர் கண்ணாடி மாதிரி இருக்கிறதே' என்பது இதற்குப் பதில் ஆகாது.

மூன்று, ஒரு நாளைக்கு எத்தனை டன் சேறு வரும், அது எந்த ஊருக்கு, எந்த லாரியில் போகிறது? சீட்டைக் காட்டுங்கள்.

முதல் இரண்டு கேள்விகளுக்குப் பெரும்பாலும் பதில் தயாராக இருக்கும். மூன்றாவதற்கு வரும் பதிலை மட்டும் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள்.